பேச்சு வேகம்

1

என் மனைவி சொர்ணம் போய் ஆடியோடு ஒரு வருஷம் நிறையும் என்று, சங்கரன்கோவிலில் இருக்கும் என் தங்கை கோமதி பங்குனியிலேயே போன் செய்தாள். தலைத் திவசத்தை ஊரில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும், இப்போதே லீவு சொல்லிவிடு என்றாள். சரி என்றேன். அதே வாரம் மெல்போர்னில் இருக்கும் என் மகள் தாரிணி ஒரு பயிற்சித் திட்டத்தை அனுப்பி, வருஷக் கடைசியில் நாம் இருவரும் ஒரு ட்ரையத்லான் போகிறோம் என்றாள். அதற்கும் சரி என்றேன். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சோலார் தகடு விற்க வந்தவனிடமும் அப்படிச் சொன்னதில், இன்று பெர்த்தில் என் வீட்டுக் கூரை முழுக்கத் தகடாக இருக்கிறது.

ட்ரையத்லான் என்றால் என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இது. முதலில் கடலில் இரண்டு கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறி, துடைக்காமல்கூட சைக்கிளில் ஏறி, சங்கரன்கோவிலில் இருந்து ராஜபாளையம் போய், திரும்பி வந்து, மறுபடியும் ராஜபாளையம் போகிற தூரத்தை மிதிக்க வேண்டும். அதற்குப் பிறகு இறங்கி, இங்கிருந்து புளியங்குடியைத் தாண்டிப் போகும் அளவுக்கு ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில். இது பாதித் தூரம்தான், முழுத் தூரம் என்று ஒன்று தனியாக இருக்கிறது என்று நான் சொல்லும்போது கேட்பவர் முகத்தில் இரக்கம் வந்துவிடும்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பெர்த்தில் ஒரு பஸ் டிப்போவில் மெக்கானிக்குகளை மேற்பார்க்கும் வேலை. பஸ்ஸுக்கு ஓடியதைத் தவிர வேறு எதற்கும் ஓடியவன் இல்லை. பிறகு ஏன் ஒப்புக்கொண்டாய் என்றால், காரணம் தாரிணிதான்.

நானும் அவளும் நேராகப் பேசிப் பழகியவர்கள் இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. எங்கள் பேச்செல்லாம் சொர்ணம் வழியாகப் போய் வந்தது. அவள் போனில் மகளோடு ஒரு மணி நேரம் பேசுவாள், வைத்துவிட்டு எனக்குச் சுருக்கிச் சொல்வாள். நான் சொல்ல வேண்டியதை அடுத்த நாள் அவள் சொல்லிவிடுவாள். சொர்ணம் போன பிறகு நாங்கள் இருவரும் போனை எடுத்தால், சாப்பிட்டியாம்மா, ஆச்சு, நீ சாப்பிட்டியாப்பா, ஆச்சு. அதற்குப் பிறகு அவள் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் எனக்குக் கேட்கும். வாரம் ஒருமுறை பேசியது மாதம் ஒருமுறை ஆனது. பிறகு குறுஞ்செய்தி. அதுவும் நிற்கப் போகிற சமயத்தில்தான் இந்தத் திட்டம் வந்தது. இதையும் விட்டால் என் மகளோடு பேச எனக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது என்பது தெரிந்தது. உடம்புக்காகவோ மனசுக்காகவோ நான் ஓடவில்லை.

2

போட்டிக்கு இணையதளத்தில் பெயர் கொடுக்கும்போது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருந்தது. விரல் தானாக சொர்ணத்தின் எண்ணை அடித்துவிட்டது. சரிபார்ப்புக் குறுஞ்செய்தி போய், அடுக்களை மேடையில் சார்ஜில் கிடந்த அவள் போன் டிங் என்றது. அதை ஏன் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியாது. எண்ணை மாற்றுவதற்கு முதலில் கொடுத்த ஆளின் சம்மதம் வேண்டும் என்றது அந்த இணையதளம். அந்த ஆளின் சம்மதத்தை நானே மேடையிலிருந்து எடுத்து அழுத்திவிட்டு, தாரிணி பெயரைப் போட்டேன். அழுகை வர வேண்டிய இடம் அது. வரவில்லை. ஆஸ்பத்திரியிலும் வரவில்லை, எரித்த அன்றைக்கும் வரவில்லை. ஊசி போட்ட பல்லைப் போல ஒரு வருஷமாக எல்லாம் மரத்துக் கிடந்தது.

திட்டம் போன் செயலியில் வரும். இன்றைக்கு இவ்வளவு நீச்சல், நாளைக்கு இவ்வளவு ஓட்டம், மறுநாள் ஓய்வு. ஒவ்வொரு நாள் முடிவிலும், எப்படி இருந்தது என்று கேட்டு ஐந்து முகங்களைக் காட்டும். ஒரு ஓரத்தில் அழுகிற முகம், மறு ஓரத்தில் பல்லைக் காட்டுகிற முகம். நான் தினமும் நடுவில் இருப்பதை அழுத்துவேன். அதன் வாய் ஒரு நேர்கோடு. நான் அழுத்துவது அங்கே தாரிணிக்குத் தெரியும். அவள் உடனே ஒரு வரி அனுப்புவாள், நல்லது அப்பா என்றோ, நாளைக்குத் தண்ணீர் கூடக் குடி என்றோ. அந்த ஒரு வரிக்காகத்தான் மழையிலும் போனேன்.

3

நீச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு நீச்சல் தெரியும் என்று பெருமையாக எழுதிக் கொடுத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு நீச்சல் என்றால் பம்ப்செட் கிணறுதான். மேலே இருந்து குதிப்போம், ஆழம் போய் மண் எடுத்து வருவோம், சுவரைப் பிடித்துக்கொண்டு கதை பேசுவோம், கண் சிவக்க ஏறுவோம். பெர்த் நீச்சல்குளத்தில் டெப் என்று ஒரு பயிற்சியாளர் அம்மாள், எவ்வளவு தூரம் நீந்துவீர்கள் என்று கேட்டார். கிணற்றில் தூரம் கிடையாது. ஆழமும் நேரமும்தான் உண்டு.

நான் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நீந்துவதைப் பார்த்துவிட்டு, நீங்கள் தண்ணீரில் இருந்து வெளியேறப் பார்க்கிறீர்கள், முன்னால் போகப் பார்க்கவில்லை என்றார் டெப். உண்மைதான். கிணற்றில் போக வேண்டிய இடம் மேலேதான் இருக்கும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, அடியில் போட்டிருக்கும் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே போகப் பழக ஒரு மாதம் பிடித்தது. பழகியதும் அது பிடித்துப்போனது. முகம் தண்ணீருக்குள் இருந்தால் யாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க முடியாது.

ஓட்டத்தில் வேறு சிக்கல். திட்டத்தில் பாதி ஓட்டங்களுக்குப் பக்கத்தில், பேச்சு வேகம் என்று போட்டிருக்கும். ஓடும்போதே பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி வார்த்தை உடைந்தால் வேகம் அதிகம். பேச்சு வந்தால் சரி. டெப் இதைச் சொன்னபோது தலையாட்டினேன். ஆற்றங்கரைக்குப் போய் ஓட ஆரம்பித்ததும்தான், பேசிப் பார்க்க ஆள் இல்லையே என்பது உறைத்தது. சுற்றிலும் கருப்பு அன்னங்கள். சத்தமாக ஏதாவது சொல்லிப் பார்ப்போம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் டிப்போவில் நிற்கும் பஸ்களின் எண்களைச் சொல்லிக்கொண்டே ஓடினேன். எதிரே வந்த ஒரு பெண் வழிவிட்டு ஒதுங்கிப் போனாள்.

4

ஆனியில் லீவு எடுத்து ஊர் வந்தேன். சூட்கேசில் பாதி, ஓட்டத்துக்கான சாமான்கள். கோமதி அந்த ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்து, இது என்ன இட்லிச் சட்டி மாதிரி இருக்கு என்றாள். தாரிணி வரவில்லை. புது வேலை, லீவு இல்லை என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் விடிந்ததும் புளியங்குடி ரோட்டில் ஓடப் போனேன். ஊரில் வளர்ந்த ஆள் ரோட்டில் ஓடினால் என்ன அர்த்தம் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். டீக்கடையில் நின்ற ஒருவர், ஏதும் துட்டி வீடா, யாரும் தவறிட்டாவளா என்று விசாரித்தார். இல்லை என்றதும் அவருக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் என் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. பின்னால் காலிச் சாக்குகள்.

"என்ன அண்ணாச்சி, பஸ்ஸ விட்டுட்டீயளா? ஏறுங்க."

இல்லை, சும்மா ஓடுகிறேன் என்றேன். சும்மா எதுக்கு ஓடணும், நானும் அந்தப் பக்கந்தான் போறேன் என்றார் அவர். வேண்டாம் என்றேன். அவர் வண்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, சாக்குகளை ஒதுக்கி இடம் பண்ணினார். நீங்கள் இந்தப் பக்கத்து ஆளாக இருந்தால் உங்களுக்குப் புரியும். இடம் பண்ணிவிட்ட பிறகு ஏறாமல் இருக்க முடியாது. ஏறினேன்.

எலுமிச்சை வாங்கப் போகிறவர். என்னைப் புளியங்குடி மார்க்கெட் வாசலில் இறக்கிவிட்டு, டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அங்கிருந்து பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். கையில் கட்டியிருந்த, ஓட்டத்தை அளக்கும் கடிகாரத்தை நிறுத்த மறந்திருந்தேன். அது மோட்டார் சைக்கிளையும் பஸ்ஸையும் என் ஓட்டமாகவே கணக்கு வைத்து மெல்போர்னுக்கு அனுப்பிவிட்டது.

தாரிணியிடமிருந்து செய்தி வந்தது. அப்பா, நீ மனிதகுலத்தின் எல்லாச் சாதனைகளையும் முறியடித்துவிட்டாய், பேப்பர்காரர்களுக்குச் சொல்லட்டுமா என்று ஆங்கிலத்தில். கூடவே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். ஒரு வருஷத்தில் அவள் என்னிடம் அடித்த முதல் கேலி அது. எலுமிச்சைக்காரரைப் பற்றி எழுதலாம் என்று போனை எடுத்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு வைத்துவிட்டேன். அவளும் அதற்கு மேல் ஒன்றும் அனுப்பவில்லை.

5

திவசம் நல்லபடியாக நடந்தது. ஐயர் கேட்ட பெயர்களைச் சொன்னேன், சொன்ன இடத்தில் எள்ளும் தண்ணீரும் விட்டேன். சொர்ணத்தின் சொந்தக்காரர்கள் வாசுதேவநல்லூரில் இருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். அவர்கள் என் முகத்தைப் பார்ப்பதும் ஒருவரை ஒருவர் பார்ப்பதுமாக இருந்தார்கள். சோறு வைத்ததும் காக்கா வந்துவிட்டது, அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் திருப்தி. நான் இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் போன் வழக்கம்போல் கேட்டது, எப்படி இருந்தது என்று. திட்டப்படி அன்று ஓய்வு நாள். ஓய்வு நாளிலும் அது கேட்கும். நடு முகத்தை அழுத்தினேன். பொய் இல்லை. அப்படித்தான் இருந்தது.

தாரிணியின் செய்தி இந்த முறை நீளமாக வந்தது. அம்மாவுக்குத் திவசம் கொடுத்த நாளிலுமா அப்பா என்று கேட்டிருந்தாள். அழுகிற முகத்தை அழுத்துவாய் என்று நினைத்தேன், இல்லை கோபமாகவாவது இருப்பாய் என்று நினைத்தேன், உன்னோடு ஏதாவது பேச வழி கிடைக்கும் என்றுதான் இந்தத் திட்டத்தையே அனுப்பினேன், ஒரு கோட்டோடு நான் எவ்வளவு நாள் பேசுவது, இந்த வாரத்தோடு திட்டத்தை நிறுத்திவிடட்டுமா என்று எழுதியிருந்தாள். பேச வழி தேடித்தான் அவளும் இதை ஆரம்பித்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நானும் அதற்காகத்தான் சரி என்றேன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. பதில் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். பயமாக இருந்தது, அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

6

துக்க வருஷம் முடியும்வரை நான் கோயிலுக்குள் போகக் கூடாது. திவசத்தோடு அது முடிந்தது, மறுநாளே கோமதி என்னைக் கோயிலுக்குக் கூப்பிட்டாள். ஆடித்தபசுக்குக் கொடி ஏறியிருந்தது. கொடி ஏறினால் எங்கள் ஊரில் ஆடிச்சுற்று ஆரம்பித்துவிடும். வேண்டிக்கொண்டவர்கள் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். நூற்றெட்டு என்றால் நூற்றெட்டு, ஐநூறு என்றால் ஐநூறு, தவணை தவணையாகச் சுற்றி முடிப்பவர்களும் உண்டு. அம்பாள் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள், நாம் நடக்கவாவது செய்வோம் என்பது கணக்கு.

கோமதி போன வருஷம் சொர்ணத்துக்காக வேண்டிக்கொண்டிருந்தாள். நோய் தீர்க்கும் என்று கோயிலில் கொடுக்கும் புற்றுமண்ணைக்கூடத் தெரிந்தவர் ஒருவர் மூலம் பெர்த்துக்குக் கொடுத்து அனுப்பினாள். விமான நிலையத்தில் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு அந்த மனிதர் நேர்மையாக மருந்து என்று சொல்லி, பிரித்துக் காட்டச் சொன்னதும் மண்ணைக் காட்டியிருக்கிறார். வெளிநாட்டு மண்ணை ஆஸ்திரேலியாவுக்குள் விடமாட்டார்கள். மிகுந்த மரியாதையோடு வாங்கி ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். சொர்ணம் அதைக் கேட்டுச் சிரித்தாள். அந்த மாதமே போய்விட்டாள்.

போனை வெளியே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். கோமதி முந்தானையில் முடிந்து வைத்திருந்த புளியங்கொட்டைகளில் ஒன்றை, சுற்றுக்கு ஒன்றாக இடுப்புப் பைக்கு மாற்றிக்கொண்டே நடந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன். கல்மண்டபத்துக்குள் என் கடிகாரத்துக்குத் திசை தெரியாமல் போய், நாங்கள் தெப்பக்குளத்துக்குள் நடப்பதாகக் காட்டியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதைக் கழற்றிப் பையில் போட்டேன்.

"மதினிக்குச் சரியாவணும்னுதானே நேந்த," என்றேன். "அதான் நடக்கலியே. இப்ப என்னத்துக்குச் சுத்துத?"

அவள் நடையைக் குறைக்கவில்லை. "வேண்டுதல மாத்திக்கிட்டேன்."

"என்னன்னு?"

"எங்கண்ணன் அழணும்னு."

வெயில் ஏறியது. திறந்த வெளிக்கு வரும்போது தரைக்கல் கொதித்தது. அத்தனை மாதம் விலை உயர்ந்த ஷூவுக்குள் இருந்த என் பாதம் குழந்தைப் பாதமாக மாறியிருந்தது. முதலில் எரிந்தது, பிறகு கொப்புளம் தட்டியது, பிறகு ஒன்று உடைந்தது. கோமதியும் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடந்தாள். நடந்துகொண்டே சொர்ணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கல்யாணம் ஆன முதல் ஆடியில் சொர்ணமும் அவளும் சேர்ந்து சுற்றியிருக்கிறார்கள். சொர்ணத்துக்குக் கணக்கு விட்டுப்போகும். விட்டுப்போனால் குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்லிச் சமாளிக்க மாட்டாளாம். அம்பாளை ஏமாத்தப்படாது என்று திரும்ப ஒன்றில் இருந்து ஆரம்பிப்பாளாம்.

"மதினி ஒரு தடவகூட முடிச்சதில்ல, பாத்துக்கோ," என்றாள். "ஊருல இருந்த வரைக்கும் வருசா வருசம் ஒண்ணுலயே நிப்பா."

இது எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷம் கூட இருந்தவளைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை என் தங்கை வைத்திருந்தாள். சொர்ணம் இருந்திருந்தால் இதை அவளிடமே கேட்டுக் கேலி செய்திருக்கலாம். இனி முடியாது. அந்த நினைப்பும் அடுத்த கொப்புளமும் ஒன்றாக வந்தன.

"வலிக்குது, கோமதி," என்றேன்.

அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். "சுத்துறவங்க கால்வலிய எல்லாம் அம்பாளே தாங்கிக்கிடுவான்னு சொல்லுவாவ."

"எனக்குத் தாங்கலியே."

"உனக்கு வேணும்னுதான் விட்டிருக்கா. நட."

நான் அழுதேன் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். அழவில்லை. ஆனால் வலித்தது, சுற்று முடியும்வரை வலித்தது.

7

வெளியே வந்து டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிக்கொண்டு, ஒரு பாத்திரக்கடைப் படியில் உட்கார்ந்தோம். கோமதி சர்பத் வாங்கி வந்தாள். அன்றைக்குத் திட்டத்தில் இருந்த நெடு ஓட்டத்தை நான் ஓடவில்லை. இருந்தாலும் போன் கேட்டது. அழுகிற முகத்தை அழுத்தினேன்.

கோமதி சர்பத்தைக் குடித்து முடிக்குமுன் போன் அடித்தது. தாரிணி. செய்தி இல்லை, அழைப்பு.

"அப்பா, என்ன ஆச்சு?"

"கால் வலிக்குதும்மா."

"கால் மட்டுமா?"

கையிலிருந்த சர்பத்தைப் படியில் வைத்தேன். அவள் ஃபிரிட்ஜ் சத்தம் கேட்டது. அவள் போனை வைக்கவில்லை.

"உங்கம்மா ஒரு தடவகூடச் சுத்தி முடிச்சதில்லையாம்," என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல வந்தது. புளியங்கொட்டை, மஞ்சள் பை, காக்கா, பாயசம், எலுமிச்சைக்காரர் சாக்கை ஒதுக்கி இடம் பண்ணியது வரைக்கும். தாரிணி சிரித்தாள், நடுவில் அழுதாள், எனக்குப் பதிலாகவும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். அப்புறம் என்ன அப்பா என்று தமிழில் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் தமிழில் பாதி வார்த்தை இடம் மாறித்தான் வரும். கோமதி எழுந்து போய் இரண்டாவது சர்பத்துக்குச் சொல்லிவிட்டு வந்தாள்.

கொப்புளம் காய்ந்த பிறகு ஒருநாள் விடிகாலையில், மறுபடி புளியங்குடி ரோட்டுக்குப் போனேன். திட்டத்தில் அன்று பேச்சு வேகம். காதில் இயர்போன் மாட்டியிருந்தேன். மெல்போர்னில் அவளும் அதே நேரத்துக்கு ஓடக் கிளம்பியிருந்தாள். அவள் பக்கத்தில் டிராம் சத்தம், என் பக்கத்தில் நாய்கள். என் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்தது. அதே மனிதர், அதே காலிச் சாக்குகள்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் பஸ்ஸ விட்டாச்சா? ஏறுங்க."

நான் காதைத் தொட்டுக் காட்டினேன். "மக பேசுதா."

"அப்பப் பேசுங்க, பேசுங்க," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

"யாருப்பா அது?" என்றாள் தாரிணி.

சொல்ல ஆரம்பித்தேன். மூச்சு வாங்கவில்லை.